நாலு எண்ணியதும் செத்துப்போகும் பெட்டி

ஒஸ்வல்ட் கிளாக்கரையாவின் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்த அன்று நான் பகல் சோறு சாப்பிடவில்லை. முப்பது வருடமாக உக்குவளையில் ரேடியோ, டீவி, கம்ப்யூட்டர் என்று ஊரார் வீட்டு அழுக்கைத் தோண்டித்தான் பிழைக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த வேலையைப் புத்தகத்தில் படிக்கவில்லை, மூக்கால் படித்தேன். எது கருகியது, எதற்குள் தண்ணீர் போனது, எதில் எலி மூத்திரம் பெய்தது என்று மூடியைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுவேன். அந்தப் பெட்டியிடம் என் மூக்கே தோற்றுப்போனது.

பக்க மூடியை இழுத்ததும் பதினைந்து இருபது கரப்பான் மேசையில் கொட்டி நாலா பக்கமும் ஓடின. உள்ளே மூன்று பல்லி முட்டை, அதில் ஒன்று உடைந்து ஒட்டிக் கிடந்தது. காற்றாடியில் நரைமுடியும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரிச் சுற்றியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த வெற்றிலை எச்சிலின் வாடை. தேத்தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி ஹமீமா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது என்னத்தியன்?"

"கம்ப்யூட்டர்."

"செத்த எலி வாட வருது. வெளியில வெச்சிப் பாருங்க. ஏலாட்டி நீங்களும் அதோட வெளியிலயே இரிங்க."

வெளியில், கடை முன்னால் ஒரு வாங்குப் பலகையைப் போட்டுத்தான் பார்த்தேன்.

கிளாக்கரையாவுக்கு எழுபத்தொரு வயது. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற ரோட்டில், தேயிலை தொடங்கும் இடத்தில் வீடு. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க் வேலை பார்த்தவர். வேலையை விட்டு வரும்போது ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து தோட்டத்து ஆட்களுக்கு அவர்தான் கந்தோர், அவர்தான் ஆபீஸ். தண்ணீர்க் குழாய் உடைந்தாலும், பிறப்புச் சான்றிதழ் தொலைந்தாலும், பாதை இடிந்தாலும் கடிதம் அவர் வீட்டில்தான் பிறக்கும். தமிழ், சிங்களம், இங்கிலீஷ், எது வேண்டுமோ அது. காசு வாங்க மாட்டார். அதனால் கடிதத்துக்கு வருகிற எல்லோரும் ஆளுக்கொரு வெற்றிலைக் கட்டு கொண்டுவந்து மரியாதையாகக் கொடுப்பார்கள். வருகிற வெற்றிலையை வீணாக்கக் கூடாது என்று அவர் மெல்லுவார். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை அந்த வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

என் கடைக்கு முன்னால் வடிகான் உடைந்து, ஊர்க் கழிவெல்லாம் என் வாசலில் நின்றது. இரண்டு வருடம் நான் கத்தினேன், ஒரு நாயும் திரும்பிப் பார்க்கவில்லை. கிளாக்கரையா ஒரே ஒரு கடிதம் எழுதினார். ஒன்பதாம் நாள் ஆள் வந்து வடிகானை வெட்டினான். அந்தக் கடிதத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு வரி கோணல் இல்லை, ஒரு கறை இல்லை. அவ்வளவு சுத்தமான கடிதம் அவ்வளவு ஊத்தை வீட்டிலிருந்து எப்படி வருகிறது என்று எனக்கு இன்று வரை விளங்கவில்லை. அவருடைய மனைவி மார்கிரட் அம்மா இருந்த காலத்தில் அந்த வீடு கோயில் மாதிரி இருந்ததாம். அவர் போய் ஆறு வருடம். அந்த வீட்டுக்குள் விளக்குமாறும் அன்றே செத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் படுக்கை விரிப்பில் சுற்றி, திரீவீலில் வைத்துக் கொண்டுவந்தார்.

"டவுன்ல குடுத்தேன் பஸீர். போர்ட் போயிருச்சி, இனிச் சரிவராதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"டவுன்ல படிச்சவனுங்க செல்லிட்டானுங்க. பொறகு எனக்கிட்ட என்னத்துக்கு?"

"நீ எட்டாம் வகுப்பு. எதெது முடியாதுன்னு ஒனக்கு இன்னும் யாரும் படிச்சிக் குடுக்கல."

இப்படித்தான் பேசுவார். உதவி கேட்க வந்த இடத்திலும் ஊசியை விடமாட்டார். வாயை ஒதுக்கி வடிகானில் துப்பினார். கடிதம் எழுதி அவரே வெட்டுவித்த அதே வடிகான்.

"ஞாயித்துக்கிழமை மக வேன் கொண்டு வருது, என்னய வத்தளையில அது வீட்டுக்கு ஏத்திக்கிட்டுப் போக" என்றார். "இவ்வளவு நாளும் வேலை இருக்கு, வர முடியாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். பெட்டி செத்துருச்சின்னா என்னத்தச் சொல்றது?"

"போங்களேன். நல்ல வீடுதானே?"

"நல்ல வீடு. மூணாம் மாடி. ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டு ஜன்னல். அங்க எனக்கிட்ட கடிதம் எழுதித்தாங்கன்னு யாரு வரப்போறா? சுவத்தப் பாத்துக்கிட்டே செத்துப்போவேன்."

பெட்டியை வாங்கித் திருப்பினேன். பின்பக்க ஸ்குரூ நாலின் தலையிலும் ஊத்தை இறுகிப்போய்க் கிடந்தது. மூடி இடுக்கில் பழைய சிலந்தி வலை அறாமல் இருந்தது. டவுன் கடைக்காரன் இதைத் திறக்கவே இல்லை. திறக்காமலே போர்ட் போய்விட்டது என்றிருக்கிறான். என் தொழிலில் கள்ளன் உண்டு, நானும் சில வேலைக்குக் கூலியைக் கூட்டிச் சொன்னவன்தான். ஆனால் ஸ்குரூவைத் தொடாமல் பொய் சொல்கிறவன் கள்ளனிலும் கேவலம், அவன் சோம்பேறி.

சுவரில் கரண்ட் போட்டேன். நான் எதையும் அமுக்கும் முன்பே பெட்டி தானாக எழும்பியது. விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பட்டென்று அணைந்தது. திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை.

முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு காற்றடித்தேன். வந்ததை எழுதினால் வாசிக்கிறவரும் பகல் சோற்றை விடவேண்டி வரும். ரேமைக் கழற்றி அதன் பல்லை பென்சில் அழிக்கும் அழிறப்பரால் தேய்த்து மாட்டினேன். நாலு எண்ணியதும் அணைந்தது. என்னிடமிருந்த நல்ல பவர் சப்ளையைப் பூட்டினேன். நாலு. போர்டின் மூளைச் சிப்புக்கு மேலே பூசும் பசை காய்ந்து ஓடாகியிருந்தது. சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினேன். நாலு.

வியாழக்கிழமை காலையில் எனக்கு ஒரு பெண் போன் அடித்தாள்.

"பஸீர் நானா, நான் டிலுக்ஷி. கிளாக்கரையாவோட மக."

"செல்லுங்க மகள்."

"அப்பாட கம்ப்யூட்டர் ஒங்ககிட்டயாம். டவுன் கடையில சொன்ன மாதிரியே நீங்களும் சொல்லிருங்க நானா. சரிவராதுன்னு."

"தொறக்காம எப்படிச் சென்னான்னு நேத்திலேந்து யோசிச்சிட்டு ஈக்கேன். நீங்கதானா?"

அவள் குரல் உடைந்து வந்தது.

"போன மழையில வாசப்படியில வழுக்கி விழுந்து ரெண்டு மணித்தியாலம் கெடந்தாரு. கொழுந்து எடுக்கப் போன பிள்ளைங்க பாத்துத் தூக்குனாங்க. அந்த வீட்டுக்குள்ள நீங்க போயிருக்கீங்களா? எனக்கு வாந்தி வருது நானா. நான் கூப்புட்டா, வேலை இருக்கு வேலை இருக்குன்னு அந்தப் பெட்டியக் கட்டிப்புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

அவள் சொன்னது முழுவதும் உண்மை. அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

"பாப்போம்" என்று வைத்துவிட்டேன். வேலையை முடிக்காமல் ஆளைத் திருப்பி அனுப்ப நான் வாடிக்கையாகச் சொல்லும் சொல் அது. என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து மறுபடி உட்கார்ந்தேன். சூட்டினால் அணைகிறதென்றால் முதல் தடவை ஆறு, அடுத்த தடவை மூன்று என்று எண்ணிக்கை மாறவேண்டும். இது ஒரு தடவைகூட மாறவில்லை. அப்போதுதான் புத்தி வந்தது. ஓடுகிற கம்ப்யூட்டரின் பொத்தானை யாராவது விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தால், அது நாலு எண்ணிவிட்டு அணையும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இந்தப் பொத்தானை யாரோ அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

பொத்தானிலிருந்து போர்டுக்கு வரும் வயரைக் கழற்றினேன். அது இருந்த இரண்டு ஊசியையும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு தடவை தொட்டேன். பெட்டி எழும்பியது. நாலு, ஐந்து, பத்து, இருபது. திரையில் வெளிச்சம் வந்து, அவருடைய கடிதங்கள் வரிசையாக நின்றன.

முன் முகப்பை உடைக்காமல் கழற்றினேன். பொத்தான் வெள்ளைக் கட்டிக்குள் புதைந்து, உள்ளே அமுங்கியபடியே இறுகியிருந்தது. சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவிய விரலைத் துடைக்காமல் பத்து வருடம் அதே விரலால் அமுக்கியிருக்கிறார். சுண்ணாம்பும் எச்சிலும் சேர்ந்து சீமெந்தாகிவிட்டது, இடையிடையே சிவப்புக் கோடு. எழுந்து போய் இரண்டு தடவை கை கழுவினேன்.

இனி முடிவு என் கையில். உள்ளே ஒரு வயரைக் கழற்றி மூடிக் கொடுத்தால் பெட்டி செத்தது செத்ததுதான். கழற்றியும் பார்த்தேன். காற்றாடி நின்றது. கரப்பான் குஞ்சு ஒன்று போர்டில் ஏறி நின்று மீசையை ஆட்டியது. அதை நசுக்கிவிட்டு வயரைத் திருப்பி மாட்டினேன். பிறகு ஒரு காலிங் பெல் சுவிட்சை எடுத்து, நீள வயரில் கோத்து, பொத்தான் வயர் இருந்த இரண்டு ஊசியிலும் மாட்டி வெளியே இழுத்தேன்.

சனிக்கிழமை கொண்டுபோனேன். வாசலில் டிலுக்ஷியின் செருப்பு, ஒரு நாள் முன்னமே வந்திருந்தாள். அவள் முன் அறையில் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜாம் டின்னில் எச்சில் விளிம்பு வரை நின்றது. அதில் ஈ. கட்டிலில் மெத்தை கருத்துப்போய்க் கிடந்தது. கிளாக்கரையா மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு, காலர் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இலட்சுமி என்ற தோட்டத்துப் பெண், கையில் ஃபைலும் வெற்றிலைக் கட்டும். அவள் இருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது, வேறு இடம் கேட்டு ஒரு கடிதம் வேண்டும்.

"ஓடுதா?" என்றார் கிளாக்கரையா.

டிலுக்ஷி என் முகத்தையே பார்த்தாள். நான் மேசையில் பெட்டியை வைத்து, வயர்களைப் பூட்டி, பெல் சுவிட்சை அமுக்கினேன். திரை வெளிச்சமானது.

"பெட்டிக்கு ஒண்டுமில்ல. ஒங்கட வெரல்லதான் வருத்தம். சுண்ணாம்பு வெச்சிப் பொத்தான கட்டிட்டீங்க. இனி இடது கையால இந்த பெல்ல அமுக்குங்க. வலது கைய இது பக்கம் கொண்டு வந்தா, அடுத்த தடவ நான் தொறக்க மாட்டேன்."

"பெல்லடிச்சா யாரு வருவா?"

"கரப்பான் வரும்."

இலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டிலுக்ஷி சிரிக்கவில்லை. வாசலுக்கு என் பின்னால் வந்தாள்.

"கெஞ்சிக் கேட்டேனே நானா."

"கேட்டீங்க. இந்த வீட்டப் பாத்தா நீங்க கேட்டது நியாயம்தான். எனக்கும் உள்ளுக்கு நிக்க ஏலாமத்தான் வெளியில வந்தேன். ஆனா அவரக் கூட்டிட்டுப் போகணுமெண்டா அவருக்கிட்டக் கேளுங்க. பெட்டியச் சாவடிச்சிக் கேக்க வாணாம்."

அவள் உள்ளே திரும்பி, மூக்கிலிருந்து சால்வையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நாளைக்கு வேன் வருது. வாறீங்களா, இல்லையா?"

"இலட்சுமிக்குத் திங்கக்கிழமை கடிதம் போகணும்மா" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நத்தார் பண்டிகைக்கு வாறேன். ரெண்டு நாளைக்கு."

அவள் ஜாம் டின்னை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்கட்டுக்குப் போனாள். அங்கே அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம்.

கிளாக்கரையா என்னை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணீர் தந்தார். கோப்பையின் விளிம்பில் வெள்ளையாக ஒரு விரல் தடம். வெளியே வந்து வாழையடியில் ஊற்றிவிட்டுத் திரீவீலில் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்ததாம். டிலுக்ஷியையும் கருத்துப்போன மெத்தையையும் மட்டும் ஏற்றிக்கொண்டு போனதாம். மெத்தையை வழியில் எங்கோ குப்பையில் தள்ளிவிட்டு, அடுத்த கிழமை புது மெத்தையோடு வந்திருக்கிறாள். இப்போது கிழமைக்கு ஒரு தரம் வந்து கூட்டிக் கழுவுகிறாள், திட்டிக்கொண்டே.

மூன்று கிழமை கழித்து அந்தப் பக்கம் போனபோது பெட்டியை எட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. பெல் சுவிட்சின் மேல் சுண்ணாம்பு, கட்டைவிரல் அளவு. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அவர் வீட்டுக் குழாயில் கழுவ மனமில்லாமல், உக்குவளைக்கு வரும் வரை அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே வந்தேன்.