துணிக்கு மேலே வெட்டு

மனு கிடைத்த ஒரு மாதத்துக்குள் மனுதாரருக்குப் பதில் தர வேண்டும் என்பது விதி. அரசு வேலையில் இருந்த காலமெல்லாம் அதைப் பிறருக்கு எடுத்துச் சொன்னவன் நான். ஓய்வுக்குப் பிறகு நானே மனுதாரரானேன். திருச்சுழி ரோட்டிலுள்ள எங்கள் கிழட்டு நெல்லித் தோப்பைக் கிளை கழித்துக் கவாத்துச் செய்து மீட்க வழி கேட்டு, தை மாதம் தோட்டக்கலை அலுவலகத்துக்கு எழுதினேன். மாசியும் முடிந்தது. பதில் இல்லை.

தோப்பு எனக்கும் தம்பிக்கும் பொது. கிளைகள் ஒன்றோடொன்று பின்னி, உச்சியில் மட்டும் நாலு காய் பிடிக்கும். அவனுக்கு அதைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட ஆசை.

"ஆடியில பத்திரம் போட மாட்டாக. ஆனி முடியுறதுக்குள்ள மரம் துளுக்கலேன்னா நீங்க கையெழுத்துப் போட்ரணும்ணே" என்றான். சரியென்றேன்.

பங்குனியில், கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டும் ஆட்களை எம்.ரெட்டியபட்டியிலிருந்து கூப்பிட்டேன். நான் டீ வாங்கி வருவதற்குள் முதல் மரத்தைக் கணுக்கால் உயரத்தில் அறுத்துச் சாய்த்திருந்தார்கள்.

"அடியோட வெட்டுனாத்தானய்யா நல்லாத் துளுக்கும்?" என்றார் மேஸ்திரி.

"அது கருவேலத்துக்குப்பா. இது ஒட்டு மரம். ஒட்டுக்குக் கீழ வெட்டுனா காட்டு நெல்லிதான் வரும்."

"அப்ப எங்கன வெட்ட?"

பழைய வேட்டியைக் கிழித்து, மரத்துக்கு மரம் என் தலை உயரத்தில் கட்டினேன். துணிக்கு மேலே வெட்டு, கீழே கை வைக்காதே. இந்த உத்தரவுக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. வெட்டிய வாய்களில் தாமிர மருந்தைக் குழைத்துப் பூசினோம்.

தம்பி வந்து பார்த்தான். "தோப்பாண்ணே இது? சுடுகாடு கெணக்கா இருக்கு."

சித்திரை முழுக்க டேங்கர் தண்ணீர் ஊற்றினேன். வைகாசியில் கொத்துக் கொத்தாகத் துளிர்த்தது. மரத்துக்கு மரம் வெளிப்பக்கம் பார்த்த நாலைந்தை விட்டுவிட்டு, பழையபடி பின்னிக்கொள்ளாமலிருக்க மற்றதைக் கிள்ளி எறிந்தேன்.

"வந்ததே இம்புட்டு, அதையும் கிள்ளுறீகளே!" என்று பதறினான் தம்பி. பதறியது யார் என்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.

கெடு நாளில் பத்திரத்தோடு வந்தான். துளிர்கள் கை நீளம் வளர்ந்திருந்தன. காய்க்க இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும் என்றேன். பத்திரத்தைப் பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து, அவனும் கிள்ள ஆரம்பித்தான். முதலில் கிள்ளியது, விட வேண்டிய துளிரை.

அப்போதுதான் தபால்காரர் வந்தார். தோட்டக்கலை அலுவலகக் கடிதம்; அலுவலர் நேரில் பார்வையிடும்வரை மரங்களில் கை வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தது.

"வச்சிட்டோமேண்ணே!" என்றான் தம்பி.

தை மாத மனுவுக்குப் பதில் வந்தது ஆனி மாதம் கடைசித் தேதி.