சகுந்தலா டீச்சர் நடத்திய பாடம் சரிதான்

பட்டினப்பாக்கத்தில் சங்கரா மீனைச் சுத்தம் செய்யக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எங்கள் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா போன் செய்தார்கள். "ஆயா, நம்ம சகுந்தலா டீச்சர் காலைல தவறிட்டாங்க." மீனை அங்கேயே விட்டுவிட்டுக் கோட்டூர்புரத்தில் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். மந்தைவெளியில் ஒரு ஆரம்பப் பள்ளியில் ஆயா வேலை. டீச்சர் அங்கே நாலாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தினார்கள். கோபம் அதிகம். பாடம் நடத்தும்போது மட்டும் முகம் வேறாகிவிடும். "இலைதான் செடிக்கு அடுப்படி. வேர் தண்ணி தூக்கிட்டு வரும். இலை காத்தை இழுத்துக்கும். நெருப்பு எது?" என்பார்கள். "வெயிலு டீச்சர்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். வராண்டாவைப் பெருக்கிக்கொண்டே நானும் வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

நான் சேர்ந்த வருஷம் கல்வி அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். டீச்சர் இரண்டு தொட்டியில் அவரைச் செடி வளர்த்தார்கள். ஒன்றை ஜன்னலில் வைத்தார்கள். இன்னொன்றை வகுப்பு பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, அதிகாரி வரும்வரை யாரும் திறக்கக் கூடாது என்றார்கள். வெயில் இல்லாமல் ஒரு வாரத்தில் அது வெளுத்துவிடும், அதிகாரி முன்னால் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று.

எனக்கு மனசு கேட்கவில்லை. உயிருள்ளதை இப்படியா இருட்டில் அடைப்பார்கள்? தினமும் காலை ஏழு மணிக்குப் பெருக்க வரும்போது அதை எடுத்து வெயிலில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பிள்ளைகள் வருவதற்குள் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.

அதிகாரி வந்தார். டீச்சர் பீரோவைத் திறந்தார்கள். செடி பச்சைப் பசேலென்று நின்றது.

"என்னங்க டீச்சர், உங்க செடி இருட்டுலயே சமைச்சுச் சாப்பிடுது?" என்றார் அவர். வகுப்பே சிரித்தது. "அப்ப வெயிலு வேணாமா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். டீச்சர் அந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் டீத் தட்டோடு நின்றேன். வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு டீச்சருக்கு அறிவியல் பாடம் கொடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை கையெழுத்துப் பயிற்சிதான். பிள்ளைகள் வைத்த பெயர் பீரோ டீச்சர்.

போன மாதம், படுக்கையில் கிடந்த டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "நான்தான் டீச்சர் வெளிய வெச்சேன். பாக்கப் பாவமா இருந்திச்சி."

கண்ணை மூடியபடி கேட்டார்கள். "எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம் டீச்சர்."

"அது போதும் அதுக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினார்கள். "செடி மேல பாவம் பார்த்தே. என் மேல பார்க்கலையே, தேவகி. எங்கிட்ட சொல்லி என்ன? சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லு. இனிமே இங்க வராதே."

மறுபடி போனேன். என்னை உள்ளே விட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

இறந்த அன்று அவர்கள் வீட்டு வாசலில், அந்த வருஷம் நாலாவது படித்தவர்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் "பீரோ டீச்சர்" என்று சொல்ல, மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா ஆயா, டீச்சர் பேரக் காப்பாத்த இப்டி ஒரு கத வுடறே! நல்ல மனசு ஆயா உனக்கு."

"சத்தியமாடா!"

"சரி சரி, அழுவாத."

வண்டி கிளம்பியது. தெருமுனை வரை பின்னால் நடந்தேன். பூமாலைக் குவியலில் டீச்சர் முகமே தெரியவில்லை.

டீச்சர், சிரித்தவர்களிடம் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. அதனால்தான் எழுதியும் வைக்கிறேன். போய் வாருங்கள்.