துளை போட்ட பால் டின்

என் கணவரின் எடை எவ்வளவு என்று எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமைதோறும் ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் ஏற்றித்தான் அவரை நிறுத்தார்கள். ஷீட் கட்டுக்குச் சொல்வதைப் போலவே கணக்கெழுதும் கிராணி உரக்கச் சொல்வார். வாரச் சாமான் வாங்க வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும். ஒரு வாரம் தொண்ணூற்றேழு ராத்தல், இந்தக் காலத்துக் கணக்கில் நாற்பத்து நாலு கிலோ. அடுத்த வாரமும் தொண்ணூற்றேழு. அதற்கடுத்த வாரம் கிராணி சொல்வதற்கு முன்பே வரிசையில் யாரோ "தொண்ணூத்தேழு" என்றார்கள். நாலு பேர் சிரித்தார்கள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடந்த வருஷங்கள் அவை. தோட்டம் கோலா சிலாங்கூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் துப்பாக்கியோடு மலாய்க் காவலர்கள். காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போய்ச் சேரக் கூடாது என்று வீட்டில் அரிசி வைக்கவே தடை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு, தோட்டம் முழுவதற்கும் அங்கேயே சோறு வடித்தார்கள். அளந்து கொடுக்கும் சோற்றை வாங்கி வந்து வீட்டில் குழம்பு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது தேத்தண்ணி தவிர எதையும் எடுத்துப் போகக் கூடாது. டின் சாமான் வாங்கினால் கடைக்காரரே ஆணி வைத்து இரண்டு துளை போட்டுத்தான் கொடுப்பார். துளை போட்ட டின்னைக் காட்டுக்குள் ஒளித்து வைக்க முடியாது, கெட்டுப்போகும் என்பது சர்க்காரின் யோசனை.

அந்தச் சமயத்தில்தான் என் கணவருக்கு வயிற்றுப் புண் முற்றி ரத்த வாந்தி எடுத்தார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தார்கள். அவரைத் திரும்பக் கூட்டி வர வேண்டிய நாளில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை போட்டிருந்தது. தோட்டத்து லோரியில் போக என்னால் முடியவில்லை. லோரி ஓட்டுபவர் தன் மனைவியைத் துணைக்கு அழைத்துப் போனார்.

அந்த மனைவிதான் பொதுக் கொட்டகையில் சோறு வடிப்பவள். அதோடு போனால் பரவாயில்லை. அவள் என் கணவரின் தாய்மாமன் மகள். முறைப்பெண். சிறு வயதிலேயே இவருக்கு அவள் என்று பேசி வைத்திருந்தார்கள். இரு வீட்டுப் பெரியவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் வந்து பேச்சு முறிந்து, நான் வந்தேன். அவளுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. நல்ல புருஷன், குடிக்காதவன். இருந்தாலும் அவள் என் கணவரை "மச்சான்" என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் காதுக்குள் எறும்பு புகுந்தது மாதிரி இருக்கும். என்னை "அக்கா" என்பாள். அது இன்னும் மோசம்.

அன்று சாயங்காலம் லோரியிலிருந்து அவரைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, அவள் என்னிடம் மூச்சு விடாமல் சொன்னாள்.

"அக்கா, நர்ஸம்மா சொன்னாங்க. ஒரு நாளைக்கு ஆறு வாட்டி குடுக்கணும். ஒவ்வொரு வாட்டியும் கையளவுதான். திங்கும்போது தண்ணி ஆகாது, அர மணி கழிச்சித்தான். முட்ட, மீனு, அந்த மாதிரி கெட்டியா குடுக்கணும். இனிப்பு மட்டும் ஆகவே ஆகாதாம். பால் டின்ன கண்ணுல காட்டாதீங்கன்னு சொன்னாங்க."

நான் தலையாட்டினேன். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. நோயாளிக்குத் தண்ணீர் கூடாதாம், பால் கூடாதாம். எங்கள் லயத்தில் யார் படுத்தாலும் முதலில் அந்த இனிப்பு டின் பாலைத்தான் கரைத்துக் கொடுப்போம். பிள்ளை பெற்றவளுக்கும் அதுதான், சாகக் கிடப்பவருக்கும் அதுதான். என் வீட்டில் அரிசி வைக்க முடியாது, ஆறு வேளைச் சோறு அவள் கொட்டகையில்தான் கிடைக்கும். நான் கொடுக்கக் கூடியது ஒன்றே ஒன்று, பால். அதையும் கூடாது என்று சொல்லிவிட்டால் அவர் வயிறு முழுக்க அவள் கைக்குப் போய்விடும். இப்படித்தான் எனக்குப் புத்தி போயிற்று.

அவருக்குக் கொட்டகைப் பக்கத்திலேயே களம் கூட்டும் லேசான வேலை கொடுத்திருந்தார்கள். அதற்கும் ஒரு கெடு வைத்தார் தோட்டத்துத் துரை. வருஷம் முடிவதற்குள் நூற்றைந்து ராத்தல் ஏறி, மருந்து கொடுக்கும் டிரெசர் கையெழுத்துப் போட்டால், ஆட்களை மேற்பார்க்கும் பழைய மண்டோர் வேலை. இல்லாவிட்டால் பேர் வெட்டு. பேர் வெட்டினால் லயத்து வீடும் போய்விடும். பிள்ளைகளோடு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

வந்தபோது எண்பத்தொன்பது ராத்தல் இருந்தார். இரண்டு மாதத்தில் தொண்ணூற்றேழு வந்தது. பிறகு அங்கேயே நின்றுவிட்டது.

மரத்திலிருந்து பாலைச் சேகரித்து ஸ்டோருக்கு வரும்போது பத்து மணி வாக்கில் அந்தக் கொட்டகையைக் கடந்துதான் வர வேண்டும். தலையில் வாளியோடு ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவர் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார். அவள் சின்னக் கோப்பையில் கெட்டிச் சோறு வைத்து, பாசிர் பெனம்பாங்கிலிருந்து சீனர் சைக்கிளில் கொண்டு வரும் மீனை அவித்து, முள் எடுத்து உதிர்த்துப் போடுவாள். தன் கோழி இட்ட முட்டையை அவித்து நாலாக வெட்டி வைப்பாள். அவர் மெள்ள மெள்ள மென்று தின்பார். ஒரு நாள் அவர் தண்ணீருக்குக் கை நீட்டினார். அவள் குவளையை எடுத்து எட்ட வைத்தாள்.

"மச்சான், அப்புறமா குடிக்கலாம். இப்ப படுங்க."

அவர் சொன்ன பேச்சுக் கேட்டுப் பக்கத்துப் பலகையில் படுத்தார். என்னோடு பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவர். நான் சொல்லி ஒரு நாள் கூடச் சட்டையைத் துவைக்கப் போடாதவர். என் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் வாளிப் பாலைக் கீழே தளும்பவிட்டு புது மண்டோரிடம் திட்டு வாங்கினேன்.

அன்றைக்கே கடைக்குப் போனேன். கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நாங்கள் நானா என்போம். என் ரேஷன் கார்டிலும் பிள்ளைகள் கார்டிலும் சேர்த்து வர வேண்டிய பால் டின்னை எல்லாம் கேட்டேன். அவர் துளை போட்டுக்கொண்டே, "சீக்கிரம் முடிச்சிடு லா, எறும்பு மொச்சிரும்" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் வேறு வழி இல்லை. ஒரு டின் இரண்டு நாள் தாங்காது. ஆகவே சாயங்காலம் என் கணவர் வீட்டுக்கு வந்ததும் பெரிய குவளை நிறைய, கரண்டி நிற்கிற மாதிரி கெட்டியாகப் பாலைக் கரைத்துக் கொடுத்தேன். முதல் நாள் அவர் குவளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்தார்.

அரைமணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடக்கிறது என்று சுவரில் சாய்ந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடினார். நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "அந்த அவிச்ச மீனுதான் ஒத்துக்கல" என்றேன். மறுநாளும் கொடுத்தேன். அதற்கு மறுநாளும். அவர் மறுக்கவே இல்லை. அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு என் குவளையைத் தள்ளினால் நான் என்ன ஆவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இப்படித்தான் தொண்ணூற்றேழு நாலு வாரம் நகராமல் நின்றது. எனக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு குதூகலமும் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஆறு வேளை ஊட்டுகிறாளே, என்ன கிழித்தாள் என்று நினைத்துக்கொள்வேன். வரிசையில் அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு இனித்தது.

நவம்பரில் மழை கொட்டி, சாலை முங்கி, நானா கடைக்கு இரண்டு வாரம் சாமான் லோரி வரவில்லை. பால் டின் இல்லை. முதல் சனிக்கிழமை கிராணி கம்பியை நகர்த்தி, மறுபடி நகர்த்தி, "தொண்ணூத்தொம்போது" என்றார். வரிசை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. இரண்டாவது சனிக்கிழமை நூற்றொன்று. அவருக்கு வேர்க்கவும் இல்லை, ஓடவும் இல்லை. "ஒங்க மாமா மவ கையில மருந்து இருக்கு மண்டோரே" என்று ஒரு கிழவர் அவர் முதுகைத் தட்டினார். எல்லாரும் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெட்கப்பட்டு அகப்பையைக் கழுவினாள். என்னை யாரும் பார்க்கவில்லை.

ஏன் ஏறியது என்று எனக்குத் தெரியாதா? பாதிக்கு மேல் தெரியும். அவள் லோரியடியில் நின்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் காதில் இருந்தது. இருந்தும் மூன்றாவது வாரம் சாமான் லோரி வந்ததும் முதல் ஆளாகப் போய் டின் வாங்கினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். பால் கரைத்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் குவளையைத் தொடாமல், "குடிக்கட்டா?" என்றார்.

அதற்கு முன் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நான், "ஏன், என் கையால குடிச்சா எறங்காதா?" என்றேன்.

குடித்தார். நாலு மணிச் சோற்றுக்குக் கொட்டகைக்குப் போகும் வழியில், களத்தின் நடுவே விழுந்தார். கேட்டுக் காவலர்தான் ஓடிப் போய்த் தூக்கினார். நான் போய்ச் சேரும்போது மழைத் தண்ணீரில் அவர் சட்டை நனைந்து, எலும்பு எலும்பாகத் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. அவள் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, அவர் தலையை என் மடிக்கு மாற்றிவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர் வாயில் பால் வாடை அடித்தது. அவளுக்கும் அடித்திருக்கும்.

வீட்டில் மிச்சமிருந்த பாலைப் பிள்ளைகளுக்கு ஊற்றினேன். அதற்குப் பிறகு டின் வாங்கவில்லை. அந்தச் சனிக்கிழமை நூறுக்கு இறங்கினார். நான் வரிசையிலேயே அழுதேன். என்னைத் தேற்ற வந்தவர்களுக்கு எதற்கு அழுகிறேன் என்று தெரியாது. பிறகு வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை என்று ஏறியது. ஒவ்வொரு ராத்தலும் எனக்கு உயிர் வந்தது மாதிரி இருந்தது. ஒவ்வொரு ராத்தலும் அவள் போட்டது என்று நினைக்கும்போது வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன.

வருஷத்தின் கடைசிச் சனிக்கிழமை டிரெசரே வந்தார். பக்கத்துப் பெரிய தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருப்பவர், எங்கள் தோட்டத்து நடப்பு அவருக்குத் தெரியாது. கம்பி நூற்றைந்தில் நின்று, அதைத் தாண்டி ஒரு மயிரிழை எழும்பியது. டிரெசர் குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"யாரும்மா இவருக்குச் சாப்பாடு பார்த்தது?"

"நான்தாங்கையா."

சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. தராசின் மேல் நின்ற என் கணவர் தரையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் அவள் நிற்பது எனக்குத் தெரியும்.

டிரெசர் காகிதத்தை எடுத்தார். "சுங்கை சோ பக்கம் ஒரு தோட்டத்தில் இதே மாதிரி வயிறு வெட்டின ஆள் இருக்கிறான். எடை ஏறாமல் நிற்கிறது. அவன் பொஞ்சாதிக்கு அனுப்பணும். என்னென்ன கொடுத்தே, எப்படிக் கொடுத்தே, சொல்லு."

"முட்ட..." என்றேன். அப்புறம்? காலையில் முட்டையா, மீனா? எந்த நேரத்துக்கு எவ்வளவு? வாளியோடு போகும்போது எட்டிப் பார்த்ததுதான் எனக்குத் தெரியும். டிரெசர் பேனாவோடு காத்திருந்தார்.

"அக்காவுக்குக் கூச்சம்ங்க" என்றாள் அவள் பின்னாலிருந்து. "நான் பார்த்தேன், சொல்றேன். விடிஞ்சதும் அவிச்ச முட்ட ஒண்ணு. எட்டு மணிக்குக் கையளவு சோறு, கெட்டியா. பத்து மணிக்கு அவிச்ச மீனு, அக்கா முள்ளெல்லாம் எடுத்துதான் குடுப்பாங்க. தண்ணி அர மணி கழிச்சி. தின்னதும் சித்த நேரம் படுக்க வைப்பாங்க."

ஆறு வேளையும் சொன்னாள். டிரெசர் ஒவ்வொன்றாக எழுதினார்.

"இனிப்பு?" என்றார்.

"அதாங்க முக்கியம். பால் டின்ன அக்கா வீட்டுக்குள்ளயே சேக்கலீங்க."

திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் குத்தலும் இல்லை, சிரிப்பும் இல்லை. கையிலிருந்த ரேஷன் கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்க்காமல் நடந்தார்.

அவருக்கு மண்டோர் வேலை திரும்பக் கிடைத்தது. வீடு தங்கியது. மூன்று மாதம் கழித்து, சுங்கை சோ ஆள் எழுந்து நடமாடுவதாகச் செய்தி வந்தது. அவன் மனைவி எனக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பியிருந்தாள். கேட்டில் காவலர் எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். லோரியில் கொண்டு வந்து என் வாசலில் கொடுத்தது கொட்டகையில் சோறு வடித்தவளின் புருஷன்தான். வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு பழம் இருந்தது. அவளுக்கு நான் ஒன்றுகூடக் கொடுத்தனுப்பவில்லை.