அறுபது கிலோ மூட்டை

போன சனிக்கிழமை ஜிம்மில் ஏழோடு நின்றுவிட்டேன். சர்க்கரை ஏறிவிட்டது, உடம்பை அசைக்கச் சொல்லி டாக்டர் விரட்டியதால் திருத்துறைப்பூண்டி கடைத்தெரு மாடியில் இருக்கும் அந்த ஜிம்முக்குப் போகிறேன். அங்கே மாசத்துக்கு ஒருநாள் டெஸ்ட். மணல் அடைத்த அதே சாக்கைத் தோளுக்குத் தூக்க வேண்டும். எத்தனை தடவை என்று பயிற்சியாளர் போனில் குறித்துக்கொள்வார். "போன மாசம் ஒம்போது சார். இப்ப எறங்கிடுச்சே, சரியா தூங்குறீங்களா?" என்றார். தூங்கி எழுந்தாலும் அலுப்புத்தான் என்று எங்கே சொல்வது? சாக்கு வாசனை மூக்கில் ஏறி, மனசு வேறெங்கோ போய்விட்டது.

எனக்கும் என் ஊர்க் கூட்டாளி கலியமூர்த்திக்கும் இதே டெஸ்ட் உண்டு, ஜிம் என்ற பேச்சே எங்கள் பக்கம் இல்லாத காலத்தில். இருவரும் போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறியிருந்தோம். வயது வரம்புக்கு எனக்கு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அவனுக்கு அந்தத் தடவையோடு சரி. அடுத்த கட்டமான உடல் தகுதித் தேர்வில் கயிறு ஏற வேண்டும், அதென்றால் அவனுக்குப் பயம். வேப்பமரத்தில் கயிறு கட்டிப் பழகலாம் என்றவனை நான்தான் மடக்கினேன். உடம்பில் வலு வந்தால் கயிறு தானாக வரும் என்றேன். தையில் அறுத்த சம்பா நெல்லில் ஒரு மூட்டை கட்டி, மில் தராசில் அறுபது கிலோ சரியாக நிறுத்து, எங்கள் மாட்டுக்கொட்டகையில் வைத்தோம். மாசக் கடைசியில் தூக்குவது, எண்ணிக்கையைக் கரியால் சுவரில் எழுதுவது. எழுதும் உத்தியோகம் என்னுடையது. தை ஒன்பது, மாசி பன்னிரண்டு, பங்குனி பதினாறு. "உடம்பு ஏறுதுடா!" என்று குதிப்பேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, கண்ணாடி முன் நின்று புஜத்தை வேறு பார்த்துக்கொள்வேன்.

சித்திரை பிறந்து மூட்டையை நகர்த்தியபோது சாக்கு தொளதொளவென்று இருந்தது. மில்லுக்கு எடுத்துப்போய் நிறுத்தேன். ஐம்பத்தொன்று. அறுவடையில் மழை பெய்து, ஈர நெல்லையே கட்டியிருந்தோம். அது காய்ந்துவிட்டது. அடியில் எலியும் தன் பங்கை எடுத்திருந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்காக மல்லுக்கு நிற்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

ஓட்டையைத் தைத்து மூட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். செலக்‌ஷனுக்கு மூன்று வாரம் இருந்தது. அவன் தெம்பைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், யோசனை என்னுடையது என்பதால் பயம்.

தஞ்சாவூர் மைதானத்தில் மார்பளவிலேயே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். கலியமூர்த்தி முக்கால் கயிறு ஏறினான். அங்கே கை விட்டுவிட்டது. ஊர் வரும்வரை பஸ்ஸில் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தான். அந்த வருஷமே கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போய்விட்டான்.

இந்த வாரம் அவன் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அவனும் வந்திருந்தான். பந்தி முடிந்து கை கழுவும்போது மூட்டை விஷயத்தை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"எடை கொறையுறது எனக்கு மாசியிலயே தெரியும்டா. தோள்ல வாங்குறவனுக்குத் தெரியாதா? நீ அவ்ளோ சந்தோஷமா எழுதிக்கிட்டிருந்தே. சொல்ல மனசு வரல."

கோபமே இல்லாமல் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை. கொட்டகை போய்விட்டது, அந்தச் சுவரும் போய்விட்டது. நெல்லும் இப்போது அறுவடை மெஷினிலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அதெல்லாம் போகட்டும். மாசியில் அவன் சொல்லியிருந்தால் கயிறு ஏறிப் பழக இரண்டு மாதம் இருந்தது. சித்திரையில் நான் சொல்லியிருந்தால்கூட மூன்று வாரம் இருந்தது.