அப்பாவின் புது ஆல்பம்

இரண்டாம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும். இரண்டுக்கும் ஒரு அட்டையில் படம் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். எனக்குக் கிடைத்த சொல் 'மாலை'. பூமாலைக்கு ஒரு படம், பொழுது சாய்வதற்கு ஒரு படம். சிவகாசிப் பிள்ளைக்குப் படத்துக்கா பஞ்சம் என்பீர்கள். எங்கள் வீட்டில் பஞ்சம்தான். அப்பா காலண்டர் கம்பெனி ஏஜெண்டு. வீடு நிறையப் படம் இருக்கும், ஒன்றையும் தொட விடமாட்டார்.

ஆடிப்பெருக்கன்று கம்பெனியில் புது ஆல்பம் கொடுப்பார்கள். அடுத்த வருடக் காலண்டருக்கான சாமிப் படம், குழந்தைப் படம், இயற்கைக் காட்சி எல்லாம் அதில் மாதிரிக்கு இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு அப்பா நாகர்கோவில் வரை கடைகடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பார். அந்தச் சில மாத அலைச்சலில்தான் எங்களுக்கு வருடம் முழுக்கச் சோறு. அந்த வருடமோ ஆவணி பிறந்தும் அப்பா கிளம்பவில்லை. அம்மா சட்டைகளைத் தேய்த்து மடித்து வைத்துவிட்டு, எப்போது கிளம்புகிறீர்கள் என்று தினமும் கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்றார் அப்பா. அம்மா அரிசிப் பானையைத் திறந்து திறந்து பார்த்தாள். எனக்கு அப்பா வீட்டில் இருப்பதே திருவிழாவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை படம் கேட்டு நான் ஒரே அழுகை. அப்பா எழுந்து, பீரோவிலிருந்து அந்தப் புது ஆல்பத்தையே எடுத்துவந்தார். கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். லட்சுமி கழுத்தில் கிடந்த மாலையை மட்டும் பூவுக்குப் பூ வளைத்து, அவ்வளவு பொறுமையாக வெட்டினார். அடுக்களையிலிருந்து வந்த அம்மா அலறிவிட்டாள்.

"ஏங்க, கிறுக்கு பிடிச்சிருச்சா? சாமி படத்துலயா கத்திரி வைக்கிறீக? இனி இதை எந்தக் கடையில போயி விரிப்பீக?"

"பிள்ளை ஆசைப்படுது, வெட்டிக்கிடட்டும். ஆல்பத்தை நம்மளையே வச்சுக்கிடச் சொல்லிட்டாரு முதலாளி. ஆர்டர் பிடிக்க இனிமே அவுக மருமகன் போறாராம்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கோ அதில் முதல் பாதிதான் காதில் ஏறியது. ஆல்பம் முழுக்க நமக்கே! எவ்வளவு நல்ல முதலாளி என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அந்த ஆள் மேல் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த பக்கத்துச் சூரிய அஸ்தமனத்தையும் வெட்டித் தரச் சொன்னேன். அப்பா அதையும் வெட்டித் தந்தார்.

மறுநாள் வகுப்பில் என் அட்டைதான் முதல். மற்ற பிள்ளைகள் பொடிப்பொடிப் படமாக ஒட்டியிருக்க, என்னுடையது மட்டும் பளபளவென்று இருந்தது. டீச்சர் அதைச் சுவரில் மாட்டினார். சொல்லிப் பெருமைப்பட ஓடிவந்தேன். அப்பா வேலை கேட்டுப் போயிருப்பதாக அம்மா சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில், தேய்த்த சட்டைகளை எல்லாம் விட்டுவிட்டு, சாயம் போன பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு அப்பா கிளம்பினார். தெருமுனையில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. அவர் ஏறும்போது அம்மா கிட்டே போனாள்.

"பாத்து இருங்க. சாயங்காலம் வந்துருவீகள்ல?"

"வராம எங்கன போகப் போறேன்?" என்று சிரித்தார்.

இதில் கேட்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கூட்டிப் போகிற வேன் திரும்பக் கொண்டுவந்து விடாதா என்ன! ஊர் ஊராகச் சுற்றிய அப்பா இனித் தினமும் வீட்டுக்கு வருவார் என்று தெரு முழுக்க ஓடிச் சொன்னேன். அன்றிலிருந்து வேன் வரும் நேரத்துக்கு அம்மாவும் நானும் தெருமுனையில் போய் நிற்போம். கொஞ்சம் தாமதமானாலும் அம்மா என் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொள்வாள். அப்பாவைப் பார்க்க அம்மாவுக்கு என்னைவிட ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.