இடது பக்கத்து கார்னெட்

பெரில் ஸ்டெய்ன்டனுக்கு நாற்பத்தேழு வயது. அதில் முப்பது வருடம் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் அறுத்தே போயிற்று. செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கினாள் என்றால் வால் வரைக்கும் ஒரே இழுப்புதான். தலை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம், சதை ஒரு பக்கம். முள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் கை சொல்லும். காலை ஆறு மணிக்கு எடுத்த கத்தியை இரண்டு மணிக்குத்தான் கீழே வைப்பாள். கத்தியை அப்படி ஆண்ட கை, வீட்டுக்குப் போனால் தன் முகத்தை மறைத்துக்கொள்ள மட்டும்தான் உயரும். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவள் புருஷன் ரோலி ஒரு காலத்தில் ஐஸ்லாந்துக் கடல்வரை போய் வந்த மீன்பிடிக் கப்பல்காரன். கப்பல்களையெல்லாம் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள், அவனும் கரையில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் சும்மா உட்கார்ந்தானா? டீ ஆறிப்போனால் அடி. சூடாக இருந்தால் நாக்கு வெந்ததற்கு அடி. கடல் போனதால் மனம் உடைந்து அடிக்கிறான் என்று தெருவில் சிலர் பரிந்து பேசினார்கள். போங்கய்யா, அந்த ஊரில் கப்பல் போனவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். அத்தனை பேருமா வீட்டில் கை நீட்டினார்கள்? ரோலி வலது கைக்காரன். எதிரே நிற்பவளின் இடது கன்னம்தான் அவனுக்கு வாகு.

பெரிலுக்கு இந்த உலகத்தில் தனக்கென்று இருந்தது ஒரே ஒரு சிடி. அவளுடைய அண்ணன் நெவில், ஊர் பித்தளை பேண்டில் கார்னெட் வாசித்தவன். கார்னெட் என்றால் குட்டை எக்காளம் மாதிரி. பேண்டின் பாட்டைத் தூக்கிப்போவதே அதுதான். முதல் வரிசையில், நடத்துபவரின் இடது கைப் பக்கம் கார்னெட்காரர்கள் உட்காருவார்கள். எதிரே வலது பக்கம், நீளக் குழலை இழுத்து இழுத்து வாசிக்கிற டிராம்போன்கள். எந்த ஊர் பேண்டானாலும் அப்படித்தான். தொண்ணூறில் தேவாலயத்து மண்டபத்தில் வைத்து அவர்கள் ஒரு சிடி பதிவு செய்தார்கள். அடுத்த வருடம் நெவில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பெரில் அந்த சிடியைப் போடுவாள். இடது ஸ்பீக்கரிலிருந்து அண்ணன் வருவான்.

தொண்ணூற்றாறு ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை ரோலிக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. பூட்ஸ் காலால் இடது ஸ்பீக்கரை ஓங்கி உதைத்தான், காகிதக் கூம்பு கிழிந்து உள்ளே போயிற்று. வலதையும் உதைத்தான். அலமாரியை இழுத்து ஆட்டியதில் சிடி பிளேயர் தரையில் விழுந்தது. எடுக்கக் குனிந்து நிமிர்ந்தவளைக் காதோடு சேர்த்து ஓர் அறை. உள்ளங்கை சரியாகக் காதுத் துளையை மூடி விழுந்தது. அன்றைக்குத் தலையணையில் காசளவு ரத்தம் இருந்தது. பெரில் உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டாள், வேறென்ன செய்வாள்?

ஸ்பீக்கர் போனதால் ஒரு ஹெட்ஃபோன் வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டு சிடியைப் போட்டால் நெவிலைக் காணோம். டிராம்போன்கள் வலது பக்கம் முழங்கின, இடது பக்கம் வெறும் சுவர். பிளேயர் கீழே விழுந்ததில் இடது பக்கம் செத்துவிட்டது என்று முடிவு கட்டினாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அன்றிலிருந்து ரோலிக்கும் புதுக் காரணம் கிடைத்தது. சோபாவில் அவள் இடது பக்கம் உட்கார்ந்து ஏதாவது கேட்பான், அவள் பேசாமல் இருப்பாள்.

"அடியே, செவிடா நீ? ஒரு தடவை சொன்னா விளங்காதா?" என்பான். கூடவே கையும் பேசும்.

மீன் பலகையில் பக்கத்தில் நிற்கும் டோரீன் ஒரு நாள் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன்டி, தினம் ஆயிரம் மீனுக்குத் தலைய வாங்குற. வீட்ல கிடக்கற ஒரு திமிங்கிலத்துக்கு ஒண்ணும் பண்ண மாட்டியா?"

"பேசாம வேலையப் பாரு டோரீன். எனக்கு ஒரு சிடி பிளேயர் வாங்கணும். எங்க அண்ணனக் கேட்டு ஆறு மாசமாச்சு."

"கன்னம் வீங்கிக் கிடக்கு, இவளுக்கு சிடி பிளேயராம்."

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெரில் சந்தைத் தெருவில் இருந்த பிளாஸ்கிட் கடைக்குப் போனாள். ரோலியும் கூட வந்தான், ஆனால் கடைக்கு இல்லை. எதிரே இருந்த மதுக்கடைக்கு. அரை மணி நேரம் கெடு வைத்தான். பிளாஸ்கிட் அறுபது வயசு மனுஷர். முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை, கையில் எப்போதும் டீக் கோப்பை. அந்தக் கடையில் பொருளை விலைச்சீட்டைப் பார்த்து வாங்க முடியாது. உங்கள் சிடியை நீங்களே கொண்டு வர வேண்டும். உள்ளறையில் சோபாவில் உட்கார வைத்து, ஒரே பாட்டை மூன்று மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார். ஒன்று கொஞ்சம் சத்தமாக ஒலித்தாலும் அதுவே நல்லதாகக் காதுக்குப் படும் என்று மூன்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"எவ்வளவு தூரம் போகலாம்னு இருக்கீங்க, மிசஸ் ஸ்டெய்ன்டன்?"

"நடுத்தரமா பாருங்க. ரொம்ப மட்டமும் வேண்டாம், பெருமைக்கு வாங்கறதும் வேண்டாம். நான் ஹெட்ஃபோன்லதான் கேப்பேன்."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது," என்றார் பிளாஸ்கிட். "இந்த மலிவானதுல ஹெட்ஃபோன் ஓட்டை கிடையாது, காசு மிச்சம் பண்ணியிருக்கான். இந்த ஒசத்தியானதுலயும் கிடையாது, அது இருந்தா நாதம் கெட்டுப்போகும்னு பெரிய மனுசங்க நினைப்பு. நடுவுல இருக்கறதுலதான் ஓட்டையும் இருக்கு, சத்தம் கூட்ட தனி திருகும் இருக்கு. தூக்கிப் பாருங்க. நல்ல மெஷின்னா கனமா இருக்கும்."

பெரில் இரண்டு கையாலும் தூக்கினாள். முழு காட் மீன் ஒன்றின் கனம். உள்ளே எங்கே கனம் தங்கியிருக்கிறது என்று கை தானாகத் தேடியது. வலது பின் மூலை.

சிடியைப் போட்டாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். டிராம்போன்கள் வந்தன. இடது பக்கம் சுவர்.

"இதுவும் செத்துதான் கிடக்கு," என்றாள்.

பிளாஸ்கிட் மலிவானதையும் ஒசத்தியானதையும் பெருக்கி என்கிற ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் செருகி, அதன் ஹெட்ஃபோன் ஓட்டை வழியாகக் கேட்க வைத்தார். இரண்டிலும் இடது பக்கம் இல்லை. அவர் ஹெட்ஃபோனை வாங்கித் தானே மாட்டிக் கேட்டார். டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மூணு மெஷின் ஒரே மத்தியானத்துல சாகாதும்மா. நாங்க பழுது தேடறதுக்கு ஒரு வழிதான் வச்சிருக்கோம். இடதை வலதா மாத்திப் போடறது. பழுது கூடவே நகருதா, நின்ன இடத்துலயே நிக்குதான்னு பாக்கறது."

நடு மெஷினில் சிடியைத் திரும்பப் போட்டு, ஹெட்ஃபோனைத் திருப்பி அவள் தலையில் மாட்டினார். இடதென்று எழுதியிருந்த பக்கம் வலது காதில் வந்தது. வந்தான் நெவில். ஆறு மாதம் கழித்து, மூச்சு இழுக்கிற சத்தத்தோடு, அவளுடைய வலது காதுக்குள் வந்து வாசித்தான். பெரிலுக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. அப்புறம்தான் டிராம்போன்கள் எங்கே என்று தேடினாள். அவை இடது காதுக்குப் போயிருந்தன. அங்கே போனது எதுவும் கேட்கவில்லை.

"பழுது நகரலை," என்றார் பிளாஸ்கிட். "அந்தக் காதுல அடி ஏதும் பட்டுச்சா?"

"மெஷின் விழுந்த அன்னிக்கு," என்றாள் பெரில். கேட்டவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப என் பழைய மெஷின் நல்லாதான் இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும். நீங்க புதுசு வாங்கவே வேண்டியதில்ல. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலக்கற பொத்தான் வச்ச பெருக்கி ஒண்ணு இருந்தாப் போதும்."

செத்தது மெஷின் இல்லை, தன் காது. செவிடா என்று கேட்டுக் கேட்டு அடித்தவனே செவிடாக்கியவன். பெரிலின் உடம்பில் ஏதோ ஒன்று முள்ளிலிருந்து சதை பிரிகிற மாதிரி கழன்று வந்தது. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. நெவில் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தான், அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

ரோலி உள்ளே வந்தது அவளுக்குத் தெரியாது. இடது பக்கம் வந்து நின்றான்.

"ஏய், கிளம்பு. குதிரைப் பந்தயத்துல தோத்துட்டேன், தலை வலிக்குது."

அவள் அசையவில்லை.

"உன்னத்தாண்டி."

அறை விழுந்தது. ஹெட்ஃபோன் பறந்துபோய் அலமாரியில் மோதி வளைந்தது. அவள் சோபாவின் கைப்பிடியில் போய் விழுந்தாள், உதடு பிளந்தது.

"என் கடைல இதெல்லாம் வச்சுக்காதே," என்று பிளாஸ்கிட் நடுவே வந்தார். ரோலி அவருடைய கம்பளிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். டீக் கோப்பை காலில் இடறி உடைந்தது. "கிழவா, உனக்கும் வேணுமா? வேணும்னா சொல்லு," என்று வலது கையைப் பின்னால் ஓங்கியபடி, வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே நின்றான்.

பெரில் எழுந்தாள். அவசரப்படவில்லை. நடு மெஷினின் பொத்தானை அழுத்தினாள். தட்டு தன் பாட்டுக்கு மெதுவாக வெளியே வந்தது. சிடியை எடுத்து உறைக்குள் போட்டு, கோட்டுப் பையில் வைத்துப் பொத்தானை மாட்டினாள். பிறகு ஒயர்களைப் பிடுங்கி, மெஷினை இரண்டு கையாலும் தூக்கி, கனமான பின் மூலையை முன்னால் திருப்பிக்கொண்டாள்.

தலையில் போடவில்லை. முப்பது வருடம் முள்ளைத் தேடிப் பழகிய கைக்கு இடம் தெரியும். ஓங்கிய வலது கைக்கு மேலே, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே குறுக்கே ஓடுகிற எலும்பில் இறக்கினாள். முறிந்த சத்தம் அவளுடைய நல்ல காதுக்குத் தெளிவாகக் கேட்டது. ரோலி வாயைத் திறந்தபடி முழங்காலிட்டான். மறுபடியும் தூக்கி அதே இடத்தில் இறக்கினாள். அவன் ஊளையிட்டான். மூன்றாவது முறை தூக்கியபோது பிளாஸ்கிட் அவள் முழங்கையைத் தொட்டார்.

"போதும்மா. கைதான் போயிருச்சே."

அவள் மெஷினை மேஜையில் வைத்தாள்.

"கேட்டுச்சா ரோலி?" என்றாள். "ஒரு தடவை சொன்னா உனக்கு விளங்காதுன்னுதான் ரெண்டு தடவை சொன்னேன்."

போலீஸ் வந்தது. பிளாஸ்கிட் அவள் பிளந்த உதட்டைக் காட்டினார், தன் கிழிந்த சட்டையைக் காட்டினார், அடித்தவன் யார் என்று சொன்னார். மெஷின் அவன் மேல் எப்படி விழுந்தது என்று கேட்டதற்கு, "கனம் பாக்கச் சொன்னேன், நல்ல கனம், நழுவிருச்சு," என்றார். ரெண்டு தடவையா என்று கேட்ட இளம் போலீஸ்காரனை அவர் பார்த்த பார்வையில், அவன் நோட்டை மூடிவிட்டான். அன்று மாலையே டோரீன் ரோலியின் துணிமணிகளைக் குப்பைப் பைகளில் அடைத்து வாசலில் வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் இடது கையாலேயே தூக்கிக்கொண்டு ஹல் நகரத்துத் தங்கை வீட்டுக்குப் போனான். வலது கை அதற்கப்புறம் மார்புக்கு மேலே எழும்பவில்லை என்று கேள்வி. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இடது காது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூலை நசுங்கிய அந்த நடு மெஷினையே பெரில் வாங்கினாள். விலையைக் குறைக்கிறேன் என்று பிளாஸ்கிட் எவ்வளவோ சொன்னார்.

"வேண்டாங்க. இதத்தான் நான் நல்லாப் பரிசோதிச்சுப் பாத்துருக்கேன்."

இரண்டு பக்கத்தையும் கலக்கிற பெருக்கியையும் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார். எல்லோரும் ஒரே காதில் வந்து முட்டிக்கொண்டதில் நெவில் கூட்டத்தில் காணாமல் போனான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த சிடியை இரண்டு முறை கேட்கிறாள். முதல் முறை ஹெட்ஃபோனை நேராகப் போட்டு, டிராம்போன்காரர்களுக்காக. இரண்டாவது முறை திருப்பிப் போட்டு, அண்ணனுக்காக. சோபாவின் நடுவில், கால் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறாள். இடது பக்கம் யாராவது வந்து நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதில்லை.