பதினோரு ஒன்றுகள்

கம்பாசிட்டர் வேலைக்கு எழுத்து தெரிந்தால் போதும், கணக்கு வேண்டாம் என்று நம்பித்தான் ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் அச்சகம் ஒன்றில் சேர்ந்தேன்; ஈய எழுத்துப் பொறுக்கி விரல் கறுத்த சகாக்கள் யாரும் சிரிக்க வேண்டாம்.

ஆறு வருட வகுத்தல்

அருளப்பன் சார் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். நாலு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் அச்சடிக்க வந்தார். அட்டையில் தலைப்புக்குப் பதிலாக ஒரு எண்: 11111111111. எண்ணிக்கொள்ளுங்கள், பதினோரு ஒன்றுகள். சின்ன எண் எதனாலும் இது மீதியில்லாமல் வகுபடாதாம். ஆறு வருடம் விடாமல் வகுத்துப் பார்த்து, 21649ஐ 513239ஆல் பெருக்கினால் இது வரும் என்று கண்டுபிடித்திருந்தார். யாரிடம் சொன்னாலும் "சரி சார்" என்று நகர்ந்துவிடுகிறார்கள் என்று வருத்தம் வேறு.

சனிக்கிழமை மதுரையில் கணக்கு ஆசிரியர்கள் கூட்டம். அங்கே கொடுக்க இருநூறு பிரதி வேண்டும். எனக்கு மண்டை காய்ந்தது. இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டே விட்டேன்.

"பிரயோஜனம் ஒண்ணுமில்லப்பா. சும்மா இருக்க விடமாட்டேங்குது, அம்புட்டுதான்."

கல்யாணத் தேதி

பெரிய இலக்கத்தில் எங்களிடம் இருந்த ஒன்றுகளே பன்னிரண்டுதான். பதினொன்று அட்டைக்குப் போயிற்று. சார் புரூஃப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அப்புறம்தான் கன்னிவாடியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ராமசாமி, மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். தேதி பதினொன்று. அது பெரிதாகத் தெரிய வேண்டும் என்றார். என்னிடம் மிச்சம் இருந்ததோ ஒரே ஒன்று. சாரின் அட்டையில் கடைசி ஒன்றை உருவி, அந்த இடத்தில் வெற்று ஈயத்துண்டைச் செருகினேன். பத்திரிகை அச்சானதும் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைப்பு. மறந்தே போனேன்.

வெள்ளிக்கிழமை ராமசாமி பத்திரிகை வாங்க வந்தபோது, சாரின் அட்டைகள் அச்சாகி அடுக்கிக் கிடந்தன. இது லேசில் வகுபடாத எண்ணாக்கும், வாத்தியார் ஆறு வருடம் வகுத்துப் பார்த்தாராக்கும் என்று அவரிடம் நானே பெருமையடித்தேன். அவர் தேங்காய் எண்ணிப் பழகியவர். எதையும் இரண்டிரண்டாகத்தான் எண்ணுவார். விரலை வைத்து ஒன்றுகளை ஜோடி ஜோடியாக ஒதுக்கினார்.

"ரெண்டு ரெண்டா எடுத்தா பதினொண்ணு பதினொண்ணாப் போயிருதே, மிச்சம் நிக்கலையே. பதினொண்ணாலயே வகுபடுறதுக்கா அப்பு ஆறு வருசம்?"

மறந்த ஒன்று

சட்டென்று ஒரு அட்டையை இழுத்துக்கொண்டேன். எண்ணினேன், பத்துதான் இருந்தது. அத்தனை கணக்கு வாத்தியார்கள் நடுவில் சாரின் மானம் கப்பலேறியிருக்கும். மறுபடி அடிக்க அட்டையும் இல்லை. நல்லவேளை, எல்லாமே ஒன்று. ஓரத்தில் இன்னொன்று சேர்த்தால் எண் முழுசாகிவிடும். பத்திரிகைத் தேதியிலிருந்து ஒரு ஒன்றை எடுத்து, மையில் தொட்டு, இருநூறு அட்டையிலும் கையாலேயே குத்தினேன்.

சாயங்காலம் வந்த சார், கடைசி ஒன்று மட்டும் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ தேங்காய்க்காரர் எப்படி எண்ணினார் என்று இரண்டு தடவை கேட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஆறு வருசத்துல ஒருத்தராவது எண்ணிப் பார்த்தாரே. அந்தப் பத்திரிகைல ஒண்ணு எனக்குக் குடு, கல்யாணத்துக்கு நானும் போறேன்."

அன்றிலிருந்து பதினோராம் தேதி முகூர்த்தம் என்று யார் வந்தாலும், இருபத்தெட்டு இன்னும் நல்ல நாளாயிற்றே என்று ஜோசியமும் சொல்லத் தொடங்கினேன்.